கரிசல் வழியின் காட்சிகள்

விருதுநகர், சாத்தூர்ப் பக்கத்திலிருந்து குற்றாலத்துக்கோ ஐயனார் அருவிக்கோ புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர், இராஜபாளையத்தை நெருங்கி மலை கண்ணுக்கு எட்டும் வரையில், வழியில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்ற எண்ணத்தோடுதான் பிரயாணம் செய்கிறார்கள். கறுத்த மண், முள் மரம், ஒற்றைப் பனை, ஓயாத வெயில், இவ்வளவுதான் கரிசல் பூமி என்றும், இயற்கையின் அழகெல்லாம் மலையடிவாரத்துக்கு அப்பால்தான் தொடங்குகிறது என்றும் அவர்கள் கருதுவதில் வியப்பில்லை. பசுமையும் அருவியும் இருந்தால்தான் அது காட்சி என்று நம் கண்கள் வெகுகாலமாகப் பழகிவிட்டன. ஆனால், மழை குறைந்த இந்தப் பிரதேசத்தில் பிரயாணியின் கண்ணையும் உடலையும் குளிரச் செய்யும் பொருள்களில் மிகப் பல, இயற்கை தானாக அளித்தவை அல்ல. இன்னார் என்று பெயர் தெரியாத மனிதர்கள், தமக்குப் பின்னால் வரப்போகும் வழிப்போக்கர்களை நினைத்து, நட்டும் தோண்டியும் கல்லெடுத்து நிறுத்தியும் உண்டாக்கி வைத்தவை. ஆகையால் இவ்வழியில் ஒரு புளிய மரத்தைப் பார்ப்பதும் சரித்திரத்தின் ஓர் ஏட்டைப் படிப்பதும் ஒன்றே என்று கூறுவது மிகையாகாது.

இவ்வழியில் அமைந்த ஊர்களில் ஒன்று ஆலங்குளம். நான் இங்கே குறிப்பிடுவது, தென்காசி மாவட்டத்தில் அதே பெயரோடு விளங்கும் பெரிய ஊர் அன்று. விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டை வட்டத்தில், சிவகாசிக்குத் தென்மேற்கிலும் இராஜபாளையத்துக்குத் தென்கிழக்கிலும் அமைந்த ஊர். இதன் நிலையே ஒரு விசேஷம். இங்கிருந்து மேற்கே நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை, காலையில் சாம்பல் நிறமாகவும், உச்சி வெயிலில் இருக்குமிடம் தெரியாமலும், மாலையில் கருநீலமாகவும், ஒரு நாளுக்குள்ளேயே பல கோலங்கள் கொண்டு நிற்கும். கிழக்கே திரும்பினால் தடுக்க ஒரு குன்றும் இல்லாமல் கரிசல் சமவெளி கடற்கரை நாடு வரையில் விரிந்து கிடக்கும். மலைக்கும் கடலுக்கும் நடுவே இப்படி வழி திறந்து கிடந்ததனாலேயே, எந்த அரசரும் சாலை போடுவதற்கு முன்பே, இங்கே மனிதரும் மாடும் நடந்து நடந்து தடம் உண்டாயிற்று.

அந்தத் தடம் எவ்வளவு பழமையானது என்பதற்கு, ஆலங்குளத்துக்குக் கிழக்கே சிறிது தூரத்திலுள்ள வெம்பக்கோட்டை சாட்சி சொல்கிறது. மேற்கு மலையில் பிறந்து மன்னார் வளைகுடாவில் கலக்கும் வைப்பாற்றின் வடகரையில், விஜயகரிசல்குளம் என்ற சிற்றூரை ஒட்டிய மேட்டில், தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2022-இல் அகழாய்வைத் தொடங்கியபோது, சங்கு வளையல்களும், வளையல் அறுத்த பிறகு எஞ்சிய சங்குத் துண்டுகளும், சுடுமண் உருவங்களும், சூதுபவள மணிகளும், அவற்றுக்கும் முற்பட்ட நுண்கற்கருவிகளும் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. சங்கு விளைவது கடலில். வளையல் அறுக்கப்பட்டதோ கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி அமைந்த இந்தக் கரிசல் மேட்டில். முத்துக்குளித்துறைப் பக்கத்துச் சங்கு, ஆற்றங்கரையைப் பற்றிக்கொண்டு, தலைச்சுமையாகவோ மாட்டின் முதுகில் பொதியாகவோ, இவ்வழியே மேல்நோக்கி வந்திருக்க வேண்டும் என்று எண்ணும்போது, இன்று வெம்பக்கோட்டை நீர்த்தேக்கத்தை வேடிக்கை பார்த்தபடி காரில் விரைகிற நாம், எத்தனை தலைமுறைகளின் காலடி மேல் செல்கிறோம் என்பது விளங்கும்.

வழியைப் பாடுவதும், வழிக்கு உதவுவதும், நம் நாட்டில் பண்டு தொட்டே உயர்ந்த செயல்களாக மதிக்கப்பட்டன. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், எதிரே வரும் ஏழைக் கலைஞனுக்கு, எந்த வழியே போக வேண்டும், இடையில் எந்த நிலம் வரும், யார் என்ன உணவு தருவார்கள், எங்கே எச்சரிக்கையாக நடக்க வேண்டும் என்றெல்லாம் எடுத்துரைக்கும் அந்த இலக்கிய வகை, வழிக்காட்சியை ரசிப்பதையும் பிறர் துன்பத்தைத் தணிப்பதையும் ஒரே காரியமாக இணைத்துவிட்டது. வடக்கே அசோக சக்கரவர்த்தி, கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் பாறையில் வெட்டுவித்த இரண்டாம் சாசனத்தில், தம் ஆட்சிக்குட்பட்ட நாடுகளோடு சோழர், பாண்டியர் முதலிய எல்லைப்புறத்து நாடுகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, மனிதருக்கும் கால்நடைகளுக்கும் வைத்தியம் செய்ததையும், அவர்கள் பொருட்டுச் சாலைகளில் கிணறு தோண்டியதையும், மரம் நட்டதையும் அறிவிக்கிறார். பாண்டி நாட்டின் பெயரும், வழியோரத்து மர நிழலும், இவ்வாறு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரே கல்லில் சேர்ந்து இடம்பெற்றிருப்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

இடைக்காலத்தில் பெருவழி என்று வழங்கிய சாலைகளைக் காத்தவர்களும், எழுத்தறியாத பிரயாணியை மறந்துவிடவில்லை. தருமபுரிப் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட, பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதியமான் பெருவழிக் கல்லில், ஊர் இத்தனை காதம் என்பதை எண்ணால் பொறித்ததோடு நில்லாமல், படிக்கத் தெரியாதவன் தடவியே அறிந்துகொள்ளும்படி, பத்துக்குப் பெரிய குழியும் ஒன்றுக்குச் சிறிய குழியுமாகக் குடைந்து வைத்திருக்கிறார்கள். தூரம் காட்டும் கல்லை இவ்வளவு அன்போடு செய்தவர்கள் உலகில் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

நாயக்கர் காலத்தில்தான், நம் பகுதியின் வழிகள் இன்று நாம் காணும் உருவத்தை ஓரளவு பெற்றன. மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளிடம் மிகுந்த பக்தி பூண்டவர். அங்கே அவருக்கு ஓர் அரண்மனையும் உண்டு. ஆண்டாளுக்கு உச்சிக்கால நைவேத்தியம் ஆன செய்தி தெரிந்த பிறகே தாம் உணவு கொள்வது என்று அவர் விரதம் பூண்டிருந்ததாகவும், அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை வரையில் ஓசை கேட்கும் தூரத்துக்கு ஒரு மண்டபமாகக் கட்டி, ஒன்றில் முழங்கும் நகராவையோ மணியையோ கேட்டு அடுத்ததில் முழக்கும்படி ஏற்பாடு செய்திருந்ததாகவும் ஐதீகம். அந்த மண்டபங்களிற் சில, கூரை கறுத்து, தூண்களுக்கிடையே ஆடுகள் படுத்துறங்க, மதுரைச் சாலையோரத்தில் இன்னும் நிற்கின்றன. திருச்செந்தூருக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இடையே கட்டபொம்மன் மணி மண்டபங்கள் அமைத்ததாகவும் இதே விதமான வரலாறு வழங்குகிறது. பிரான்ஸ் தேசத்தில் 1790-களில் கோபுரம் விட்டுக் கோபுரம் சமிக்ஞை காட்டி யுத்தச் செய்தி அனுப்பியதைச் சாஸ்திர முன்னேற்றமாகச் சரித்திர ஆசிரியர்கள் வியந்து எழுதுகிறார்கள். நம் நாட்டுக் கர்ண பரம்பரையோ, அதே யுக்தியைத் தெய்வத்தின் சாப்பாட்டு வேளையை அறிவிப்பதற்குப் பயன்படுத்திய ஓர் அரசனை நினைவில் வைத்திருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்ற இராணி மங்கம்மாளின் பெயர், தென்பாண்டி நாட்டில் சாலைக்கே மறுபெயராகிவிட்டது. 1689 முதல் சுமார் பதினைந்து ஆண்டுகள் மதுரையை ஆண்ட அந்த அம்மையார், தெற்கே குமரி வரையில் செல்லும் வழிகளைச் செப்பனிட்டு, இருமருங்கிலும் மரம் வைத்து, சத்திரம் கட்டி, கிணறு வெட்டினார் என்பது மக்கள் நினைவு. அவர் போட்ட சாலை எது, பிற்காலத்தார் அவர் பெயரால் வழங்கியது எது என்று பகுப்பது அறிஞர்களின் வேலை. பழைய மரநிழற்சாலை எதைக் கண்டாலும் அது மங்கம்மாள் சாலை என்று கிராமத்தார் சொல்லிவிடுவதிலிருந்தே, வழிப்போக்கனுக்குச் செய்த உபகாரம் கோட்டை கொத்தளங்களைக் காட்டிலும் நெடுங்காலம் வாழும் என்ற உண்மை தெளிவாகிறது.

அரசர்கள் செய்ததைவிட, எளிய குடும்பங்கள் செய்தவை என் மனத்தை அதிகமாகத் தொடுகின்றன. கிராமப் பாதைகள் சாலையைச் சந்திக்கும் இடங்களிலே, வேப்ப மரத்தடியிலோ ஊருணிக் கரையிலோ, சுமைதாங்கி என்ற ஓர் அமைப்பைக் காணலாம். நெட்டாக நட்ட இரண்டு கற்கள், அவற்றின் மேல் குறுக்காக ஒரு பலகைக் கல். உயரம் ஏறக்குறைய ஒரு மனிதனின் தோள் அளவு. தலையில் விறகுக் கட்டோ, கருப்பட்டிச் சிப்பமோ, தானிய மூட்டையோ சுமந்து தனியாக நடந்து வருகிறவன், சுமையைத் தரையில் இறக்கிவிட்டால் மறுபடி தூக்கிவிட இன்னொருவர் வர வேண்டும். இந்தக் கல்லிலோ, பக்கத்தில் வந்து நின்று, தலையைச் சற்றே சாய்த்துச் சுமையை நகர்த்தி வைத்துவிட்டு, களைப்பாறியபின் அவ்வாறே தலையை நீட்டி வாங்கிக்கொண்டு போய்விடலாம். பலகைக் கல்லின் மேற்புறம், சுமைகள் உராய்ந்து உராய்ந்து, கை வைத்தால் வழுக்கும்படி மழமழப்பாகியிருக்கும். சில கற்களில் ஒரு பெண்ணின் பெயரும் ஆண்டும் தேய்ந்த எழுத்தில் தெரியும். கர்ப்பவதியாக இருந்து, வயிற்றுச் சுமை இறங்காமலே இறந்துபோன பெண்ணின் ஆத்மா சாந்தியடைய வேண்டும் என்று, அவளைச் சேர்ந்தவர்கள் வழியிலே ஒரு சுமைதாங்கி நாட்டுவது வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாத பாரத்தை ஊரார் பாரங்கள் இறங்கும்போதெல்லாம் அவளும் இறக்கி வைப்பதாக நம்பிக்கை. ஒரு வீட்டின் துயரம் ஒரு சாலையின் சௌகரியமாக மாறிய இந்த விந்தைக்கு ஈடாக, எந்தத் தேசத்து நினைவுச் சின்னத்தையும் என்னால் நினைக்க முடியவில்லை.

இனி வண்டிகளின் காலத்துக்கு வருவோம். கரிசல் மண்ணின் சுபாவத்தை அறியாதவர்களுக்கு, அக்காலத்துப் பிரயாணத்தின் கஷ்டம் விளங்காது. கோடையில் அம்மண் ஆள் கை நுழையும்படி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்தாலோ, நீரை உறிஞ்சிப் பருத்து, பிசினாகிவிடும். ஈரக் கரிசலில் வண்டி பத்து அடி நகர்வதற்குள், சக்கரப்பட்டையில் மண் ஒட்டி, அதன் மேல் மண் அப்பி, ஆரக்கால்களே தெரியாமல் சக்கரம் உருண்டையாகிவிடும். வண்டிக்காரன் இறங்கி, மண்ணைக் கம்பால் நெம்பித் தள்ளிவிட்டு, மாட்டின் முதுகைத் தட்டிக் கொடுத்து, மறுபடியும் பத்து அடி ஓட்டுவான். ஆகவேதான் இப்பக்கத்தில் சாலை போடுவது என்றால், மேடாக மண்ணை உயர்த்தி, செம்மண்ணும் சரளும் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிக் கெட்டிப்படுத்துவது இன்றியமையாத வேலையாயிற்று. கறுத்த நிலத்தினிடையே செந்நிறக் கோடாக உயர்ந்து செல்லும் பழைய கிராமச் சாலையின் அழகு, இந்த அவசியத்திலிருந்து பிறந்தது.

கரிசல் வழியைப் பெருவழியாக்கியது பருத்தி. மழையை நம்பி விளையும் பருத்தி, 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின்போது, இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு கிடைக்காமற்போகவே, திடீரென்று பொன்னாக மதிக்கப்பட்டது. பொதி பொதியாகப் பருத்தியை ஏற்றிய பார வண்டிகள் தூத்துக்குடித் துறைமுகத்தை நோக்கிச் சென்றன. திரும்பும் வண்டிகளில் உப்பும் கருவாடும் வந்தன. வெயிலுக்கு அஞ்சி, இரவில்தான் பிரயாணம். வரிசையாகச் செல்லும் வண்டிகளில் முன்வண்டிக்காரன் மட்டும் விழித்திருக்க, மற்றவர்கள் மூட்டைகளின் மேல் படுத்து உறங்க, அச்சுக்குக் கீழே கட்டிய அரிக்கேன் விளக்கு மாட்டின் கால்நிழலைச் சாலை நெடுக ஆட்டிக்கொண்டு செல்ல, மாடுகள் தாமாகவே வழியறிந்து நடக்கும். கடையாணி கிறீச்சிட்டால் மசை போடவும், லாடம் கழன்றால் கட்டவும், சோளத்தட்டையும் பருத்திக்கொட்டையும் மாட்டுக்கு வைக்கவும், ஊருக்கு ஊர் இடம் இருந்தது.

ஆனால் அந்த இரவுகள் அபாயம் நிறைந்தவை. வழிப்பறிக்கு அஞ்சிய வியாபாரிகள், வழியிலே பத்திரமான ஒரு பேட்டையை அடைய வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார் சமூகத்து வணிகர்கள், சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), திருமங்கலம், சாத்தூர், பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்னும் ஊர்களில், மதிலும் வாசலும் கிணறும் உடைய வண்டிப்பேட்டைகளை அமைத்து, வண்டிக்கும் மூட்டைக்கும் பாதுகாப்பு அளித்தார்கள். அந்தச் செலவுக்காக, விற்கும் சரக்கின் மீது தமக்குத்தாமே விதித்துக்கொண்ட சிறு தொகையே மகமை. உறவின்முறை என்னும் சமூகச் சபைப் பெரியவர்களின் நிர்வாகத்தில் அத்தொகை சேர்ந்து பெருகி, பின்னர்க் கோயிலாயிற்று, பள்ளிக்கூடமாயிற்று. விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை அவ்வாறு எழுந்ததே; 1903-இல் அவ்வூரில் பிறந்த காமராஜர் அப்பள்ளியிலும் படித்தவர். சாலையில் போன வண்டிகளின் மகமை, ஒரு நாட்டுக்கே கல்விக்கண் திறந்த தலைவருக்குக் கல்வியளித்தது என்பதை அறிந்த பிறகு, இடிந்த பேட்டைச் சுவர் ஒன்றை வெறும் குட்டிச்சுவராகப் பார்க்க நமக்கு மனம் வராது.

1876-இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியதும், நெடுந்தூர வண்டிப் போக்குவரத்து நின்று, விருதுபட்டி, சாத்தூர் ஸ்டேஷன்களுக்குச் சரக்கைச் சேர்ப்பதே வண்டிக்காரரின் தொழிலாயிற்று. 1927-இல் விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு இருப்புப் பாதை வந்தது. பிறகு மோட்டார் பஸ்கள். 1972-இல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தோன்றியபின், அரசாங்கப் பஸ் எட்டாத கரிசற் கிராமம் வரவரக் குறைந்தது. ஜன்னலோர ஆசனம் கிடைத்த ஏழைக்கும், வழிக்காட்சியை வசதியாக அமர்ந்து அனுபவிக்கும் பாக்கியம் அன்றுதான் கிட்டியது.

இதற்கிடையில் சாலையோரத்தின் முகமே மாறிவிட்டது. சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923-ஐ ஒட்டித் தம்மூரில் அதைத் தொடங்கினார்கள். 1940-இல் பட்டாசுத் தொழிற்சாலையும் எழுந்தது. தீப்பெட்டிக்கு ஒட்டும் லேபிளிலிருந்து அச்சுத் தொழில் கிளைத்தது. எந்த வறட்சியை இந்நாட்டின் சாபம் என்று கூறினார்களோ, அந்த வறட்சியே குச்சியும் மருந்தும் காகிதமும் காய்வதற்கு வரமாயிற்று. இன்று சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை, ஆலங்குளம் பக்கமாகச் செல்கிறவர்கள், முள்வேலிக்குள்ளே, ஒன்றுக்கொன்று எட்ட நிற்கும் சிறு சிறு அறைகளையும், அவற்றினிடையே வளர்த்த வேம்புகளையும், வாசல்தோறும் எழுதிய எச்சரிக்கைகளையும் காண்பார்கள். ஓர் அறையில் தீப்பட்டால் அடுத்த அறைக்குத் தாவலாகாது என்பதற்காகவே அந்த இடைவெளி. விடியலில் தூக்குவாளியும் கையுமாகச் சாலையோரத்தில் ஆலை வண்டிக்குக் காத்து நிற்கும் பெண்களின் வரிசை, இவ்வழியின் முதற்காட்சி. தேசமெங்கும் தீபாவளி இரவில் ஒளிரும் வாணங்கள் அவர்கள் கைகளில் உருவானவை. அவர்களிற் பலர், விபத்துக்களில், மாலையில் வீடு திரும்பாமற் போனதும் இச்சாலையின் சரித்திரத்தில் சேர்ந்ததே. இவ்வழியே மகிழ்ச்சியாகச் செல்கிற ஒவ்வொருவரும், அந்த அறைகளைக் கடக்கும்போது, அங்கு உழைப்போரின் உயிர்ப் பாதுகாப்பு எவ்வளவு அவசரமான காரியம் என்பதை நெஞ்சில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஆலங்குளத்துக்கு வேறொரு செல்வம் மண்ணுக்கடியில் இருந்தது. அங்குள்ள சுண்ணாம்புக்கல்லை நம்பி, அரசாங்கத்தின் சிமெண்டு ஆலை 1970-களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. 1976-இல் உருவான தமிழ்நாடு சிமெண்டுக் கழகம் அதை ஏற்றது. பருத்திக் காடுகளுக்கு மேலே உயர்ந்த புகைபோக்கியும், கல்வெட்டிய பள்ளங்களில் மழைக்காலத்தில் தேங்கும் நீரும், கறுப்பு நிலத்தில் வெளிறிய சுண்ணத்தின் சாயலும், புதியதொரு நிலக்காட்சியைச் சிருஷ்டித்தன. தானாக அமைந்த காட்சிகளை மட்டுமே ரசிப்பவர் இதைக் கண்டு முகஞ்சுளிக்கலாம்; நானோ, மழை பொய்த்தால் பிழைப்புத் தேடிப் புறப்பட வேண்டியிருந்த ஊர்களில், மாதச் சம்பளம் என்ற ஒன்றை முதன்முறையாகக் கொண்டுவந்த கட்டடங்களில் ஒன்றாகவே அதை மதிக்கிறேன்.

மரங்களைப் பற்றிச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவுறாது. பழைய சாலைகளில் ஆட்சியாளர்கள் பெரும்பாலும் புளியையே நட்டதற்குக் காரணம் உண்டு: வறட்சியைத் தாங்கும், நூறாண்டு நிற்கும், அடர்ந்த நிழல் தரும், பலனை ஏலம் விட்டால் வருமானமும் கிடைக்கும். மரத்துக்கு ஓர் எண் இட்டு, இரவில் வருவோர் கண்ணில் படும்படி அடிமரத்தில் வெள்ளையும் கறுப்பும் பட்டையாகத் தீட்டி, மகசூலை ஆண்டுதோறும் குத்தகைக்கு விடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. மாசி, பங்குனியில் இச்சாலைகளில் சென்றால், குத்தகைக்காரரின் ஆட்கள் கிளைமேல் ஏறி உலுக்க, கீழே பெண்கள் பழம் பொறுக்கிச் சாக்கில் சேர்ப்பதையும், நிழலில் வட்டமாக உட்கார்ந்து ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுப்பதையும் பார்க்கலாம். அவர்கள் விரல்கள் புளியின் கறையால் பழுப்பேறியிருக்கும், காற்றே புளிக்கும். நட்டவர் யார் என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆனால் அவர் தந்த நிழலும் கூலியும் குழம்பும் இன்றளவும் ஓயவில்லை.

அந்த மரங்கள் இப்போது வேகமாகக் குறைந்துவருகின்றன. நான்கு வழிச் சாலைகள் நாட்டுக்கு வேண்டியவையே; நோயாளியை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் வண்டிக்கு ஒவ்வொரு நிமிஷமும் அருமையானது என்பதை மறுப்பவர் யார்? ஆயினும், வழியை அகலமாக்கும்போது வெட்டப்பட்ட புளிக்கும் ஆலுக்கும் ஈடாக நிழல் தரும் மரம் நடப்படாமல், நடுத் திட்டில் அரளியை மட்டும் வைத்து நிறுத்திக்கொள்வது, மங்கம்மாளின் பெயரை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் நாட்டுக்கு ஏற்றதன்று. அரளி கண்ணுக்கு அழகு. ஆனால் இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடி மாதத்தில் பாதயாத்திரையாகச் செல்லும் ஆயிரக்கணக்கான மக்களுக்கு, வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடக்கும் அந்த ஏழைகளுக்கு, ஒதுங்கி நிற்க அரளி நிழல் தருமா? கண்மாய்க் கரைகளையும் தரிசு நிலங்களையும் சீமைக்கருவேல் ஆக்கிரமித்துக்கொண்ட பிறகு, இக்கரிசலுக்கே உரிய, குடை விரித்தாற்போன்ற உடைமரமும், விடத்தலையும், மஞ்சணத்தியும் காண்பதற்கே அருகிவிட்டன. சாலை விரிவில் சுமைதாங்கிக் கற்கள் பெயர்க்கப்பட்டு, எங்கோ வாய்க்காலுக்குப் பாலமாகக் கிடப்பதும் உண்டு.

இவ்வழியே உல்லாசப் பிரயாணம் செய்ய விரும்புவோர்க்குத் தை மாதமே தகுந்த பருவம். மழை ஓய்ந்து, கண்மாய்களில் நீர் நின்று, மக்காச்சோளமும் கம்பும் கதிர் தள்ளி, கொத்தமல்லிக் காடுகள் பூத்து மணக்கும். சிவகாசியில் அதிகாலையில் புறப்பட்டு, வெம்பக்கோட்டையில் வைப்பாற்றைக் கண்டு, ஆலங்குளத்தில் சற்று நின்று, மலையை எதிரே வைத்து இராஜபாளையம் சென்று, அங்கிருந்து வடக்கே திரும்பினால், பதினொரு நிலைகளோடு 192 அடி உயர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர் இராஜகோபுரம் வயல்களுக்கு மேலே எழுந்து வரவேற்கும். அதற்குப் பின்னே தெரியும் மலைக்காடுகள், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாகப் போற்றப்படுகின்றன. தூரம் அதிகமில்லை, விரைந்தால் ஒரு முற்பகலில் முடிந்துவிடும். ஆனால் ஊருணி கண்ட இடத்திலும், கல்மண்டபம் கண்ட இடத்திலும் வண்டியை நிறுத்தி, பக்கத்திலிருக்கும் பெரியவரிடம் இரண்டு வார்த்தை பேசிச் செல்கிறவருக்கு, ஒரு முழுநாளும் போதாது.

வழியழகை அனுபவிப்பது என்பது, ஆழ்ந்து நோக்கினால், முன்னோர் செய்த தர்மத்தின் பயனை அனுபவிப்பதே ஆகும். அனுபவித்தவர் திருப்பிச் செலுத்தவேண்டிய கடன் ஒன்றுண்டு. சாலையை அகலப்படுத்தும் அதிகாரிகள், நிழல் மரம் நடுவதற்கான இடத்தைத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும். ஊராட்சிகள் தங்கள் எல்லைக்குட்பட்ட சுமைதாங்கிகளையும் மண்டபங்களையும் கணக்கெடுத்து, பெயர்க்க நேர்ந்தால் சாலையின் புதிய ஓரத்திலேயே மறுபடி நாட்ட வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களை அவ்விடங்களுக்கு அழைத்துச் சென்று, அவற்றில் எழுதிய பெயர்களைப் படிக்கச் செய்ய வேண்டும். பிரயாணிகளாகிய நாமும், வீட்டில் ஒரு நற்காரியம் நடந்தாலும் துக்கம் நேர்ந்தாலும், அதன் நினைவாகச் சாலையில் ஒரு வேம்பையோ புளியையோ நட்டு, மூன்று கோடை அதற்குத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றினால், இன்னும் நூறாண்டு கழித்து இந்தக் கரிசல் வழியே செல்கிறவர்களுக்கும் பார்ப்பதற்குக் காட்சி இருக்கும்.